ஏணி உச்சியில் இடது கை

ஈரி, பென்சில்வேனியா
செப்டம்பர் 4, 1991

மச்சான் எம்மெட்,

உறையின் மேல் 'பெர்னிஸ் அத்தை' என்ற பெயரைப் பார்த்துவிட்டு யாரோ ரசிகை என்று குப்பையில் போட்டிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. தொலைபேசியில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். நேரில் பேசலாம் என்றால், ரஷ்யக் கர்னலாக நடிக்கும் நானும் டென்னசி கவ்பாயாக நடிக்கும் நீயும் ஒரே மேசையில் காபி குடிப்பதை எவனாவது பார்த்துவிட்டால் மெர்ல் நம் இருவர் சீட்டையும் கிழித்துவிடுவான். டேட்டனில் ஒரே காரில் வந்து இறங்கிய அந்த இருவரை என்ன செய்தான் என்று பார்த்தாய் அல்லவா? நம் முதலாளிக்கு மல்யுத்த மேடையில் எதிரி என்றால் மளிகைக் கடையிலும் எதிரியாகத்தான் இருக்க வேண்டும். நேற்று மருந்துக் கடையில், கனடாவின் மானிட்டோபாவில் பிறந்து வளர்ந்த நான், "பல் வலி. மருந்து. சீக்கிரம்" என்று கர்னல் குரலில் உறுமி வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பெண் மீதிச் சில்லறையை மேசையில் எறிந்தாள்.

உன் தங்கை ரோடாவைக் கட்டியவன் உன்னோடு பேச ஒரு அத்தையைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை டொலீடோவில் உன் தலையை என் கக்கத்தில் பிடித்திருந்தபோது வழக்கம்போல உன் இடது கையை அழுத்தினேன். நீ திருப்பி அழுத்தவில்லை. மறுபடியும் அழுத்தினேன். அப்போதும் ஒன்றும் இல்லை. கொஞ்சம் பொறுத்து வலது கையால் என் தொடையைத் தட்டினாய். குத்து, வலி, பகை எல்லாம் நாம் காசுக்குச் சொல்லும் பொய்தான். ஆனால் இந்த அழுத்தல் ஒன்றில் இதுவரை எவனும் பொய் சொன்னதில்லை. 'நல்லா இருக்கியா' என்று நான் கேட்டேன். உன் கை பதில் சொல்லவில்லை.

என்ன ஆயிற்று எம்மெட்? நவம்பரில் பஃபலோவில் உன்னை ஏணியிலிருந்து தள்ளிவிடப் போவது நான். அதற்கு முன் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

லைல்

*

வீலிங், மேற்கு வர்ஜீனியா
செப்டம்பர் 11, 1991

அன்பும் மீசையும் நிறைந்த பெர்னிஸ் அத்தைக்கு,

மோட்டல்காரி கடிதத்தை நீட்டும்போது, "உங்க அத்தை கையெழுத்து ரொம்ப முரடா இருக்கே" என்றாள். "ஆளைப் பாத்தா பயந்துருவீங்க" என்றேன். எனக்கு இலவசமாக ஒரு தட்டு பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் கொடுத்தாள். நல்லவர்களாக நடிப்பவர்களுக்கு ஊரில் கிடைக்கும் மரியாதை உனக்கெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

கைக்கு ஒன்றும் இல்லை. கழுத்துச் சுளுக்கு. உன் கக்க நாற்றத்தில் மயங்கிக் கிடந்தவனிடம் கையை அழுத்து, காலை அழுத்து என்றால் எப்படி?

நீ கவலைப்பட வேண்டியது பஃபலோவைப் பற்றி. நாடு முழுக்கக் கேபிள்காரனுக்குத் தனியாகக் காசு கட்டி உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள். 'கடைசிப் படி' என்று மெர்ல் பெயர் வைத்திருக்கிறான். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. ஒழுங்கைச் சொல்கிறேன், மனப்பாடம் பண்ணு. பெல்ட் நட்டநடு மேடைக்கு மேலே கொக்கியில் தொங்கும். யார் ஏணியில் ஏறி அவிழ்க்கிறானோ அவனே சாம்பியன். பாதி ஆட்டத்தில் நான் ஏறுகிறேன், நீ ஏணியைச் சாய்க்கிறாய், நான் கயிற்றைத் தாண்டி வெளியே போட்டிருக்கும் மேசை மேல் விழுகிறேன். கூட்டம் என்னைச் செத்தவன் என்று நினைக்கும். பிறகு நான் எழுந்து வந்து, தவழ்ந்து ஏறி, உன் பெல்ட்டை எடுக்கிறேன்.

உன் பெல்ட் இல்லை, என் பெல்ட். மெர்ல் கை கொடுத்துச் சொல்லிவிட்டான். இருபது வயதிலிருந்து அடுத்தவன் ஜெயிக்க மல்லாந்து படுத்துக் கொடுத்தே முதுகு தேய்ந்தவன் நான். இப்போது என் முறை. அந்த விழுகை என் யோசனை. அதைத் தொடாதே.

ரோடாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல். அவள் செய்யும் பெரோகிக் கொழுக்கட்டை இன்னும் ரப்பர் மாதிரித்தான் இருக்கிறதா?

எம்மெட்

*

அக்ரன், ஒஹையோ
செப்டம்பர் 30, 1991

எம்மெட்,

சிரிக்க வைத்தே தப்பிக்கலாம் என்று பார்க்கிறாய். நான் சிரிக்கவில்லை.

நேற்று நான் உன் உடை மாற்றும் அறைப் பக்கம் வந்தேன். வந்திருக்கக் கூடாது, தெரியும். கதவு ஒருக்களித்திருந்தது. நீ பூட்ஸ் நாடாவை ஒரு கையாலும் பல்லாலும் கட்டிக்கொண்டிருந்தாய். இடது கை மடியில் யாருடையதோ போலக் கிடந்தது. அப்புறம் அந்தக் கையில் பிளாஸ்திரி சுற்றினாய், விரல்கள் மடங்கி நிற்கும்படி, பார்க்கிறவனுக்கு அது முஷ்டி மாதிரித் தெரியும்படி.

மேடையில் மூன்று முறை கேட்டேன். இடது கை வாயே திறக்கவில்லை.

இது சுளுக்கு இல்லை. என் சித்தப்பா ஒருவருக்கு டிராக்டரிலிருந்து விழுந்து இப்படித்தான் ஆரம்பித்தது. அவர் இப்போது ஸ்பூனைக்கூட அடுத்தவர் பிடித்துத்தான் சாப்பிடுகிறார். டாக்டரிடம் போ. இல்லையென்றால் நானே மெர்லிடம் சொல்கிறேன்.

இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. எடுத்துக்கொண்டாலும் சரி. யோசித்துப் பார். ஏணியைச் சாய்க்கப் போவது என் கை. நீ கீழே விழுந்து எழுந்திருக்கவில்லை என்றால் கூட்டம் கைதட்டும். வர்ணனைக்காரன் கத்துவான். நடுவர்கூட நீ பிரமாதமாக நடிக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு நிற்பான். அடிபட்டவன் மாதிரி கிடக்க உன்னைப் போல் ஆள் இந்தத் தொழிலிலேயே இல்லை. உண்மையில் அடிபட்டால் உன்னை எவன் நம்புவான்? அதற்குப் பிறகு நான் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போய் ரோடாவிடம் நிற்பேன்?

அவள் போனில் கேட்டாள், "அண்ணன் ஏன் இப்பல்லாம் கிறுக்கலா எழுதுறான்? காகிதம் நழுவுற மாதிரி இருக்கு" என்று. பேனா பிடிக்கும் கை வலது கை. காகிதத்தை அழுத்திப் பிடிக்கும் கை எது?

லைல்

*

கிங்ஸ்போர்ட், டென்னசி
அக்டோபர் 8, 1991

கர்னல் அவர்களுக்கு,

போய்ச் சொல். மெர்ல் அறைக்கு வழி தெரியும்தானே? சொல்லிவிட்டு, பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நில். எவ்வளவு நன்றாக இருக்கிறது! மச்சானின் கழுத்தைப் பற்றி எவ்வளவு கவலை! அந்தக் கழுத்து ஒடியும் என்று சொன்னால் பெல்ட் உன்னிடமே தங்கிவிடும் என்பது உனக்குத் தோன்றவே இல்லை, பாவம்.

நீ சொன்னாய் என்று தெரிந்த நாளோடு நான் உன் வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன். ரோடாவிடம் காரணத்தை நீயே சொல்லிக்கொள்.

மேலே எழுதியதைக் கிழித்துப் போட நினைத்தேன். கிழிக்க ஒரு கை போதாது. அதனால் இருக்கட்டும்.

டாக்டரிடம் போனேன். நாக்ஸ்வில்லில். பொய்ப்பெயரில். ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்துக் காட்டினார். கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை பிதுங்கி நரம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. "என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். கூரை வேலை என்றேன். "இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா, கழுத்துக்குக் கீழ எதுவும் உங்க பேச்சக் கேக்காது. உடனே ஆபரேஷன் பண்ணணும். கூரைய மறந்துருங்க" என்றார்.

மறந்துவிட்டு? லைல், நான் பள்ளிக்கூடம் முடிக்காதவன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை விழுவது. உனக்கு மனைவி இருக்கிறாள், ஹாமில்டனில் வீடு இருக்கிறது, மீசையை எடுத்துவிட்டால் நீ ஒரு சாதாரண மனுஷன். நான் தொப்பியைக் கழற்றினால் அடியில் யாரும் இல்லை.

என்ன கேவலம் என்று பார். எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த சண்டை. யார் ஜெயிக்க வேண்டும் என்று ஒருத்தன் மேசையில் உட்கார்ந்து முடிவு பண்ணுகிறான். அந்தப் பொய்ச் சண்டையில்கூட நான் ஒரு முறை ஜெயித்ததில்லை. ஒரே ஒரு ராத்திரி, மச்சான். மேலே ஏறி அதை எடுத்துக் காட்டிவிட்டு, மறுநாளே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொள்கிறேன். சத்தியமாக.

உன் காலில் விழுகிறேன். என்னால் இப்போது நன்றாகச் செய்ய முடிவது அது ஒன்றுதான்.

எம்மெட்

*

ஹாமில்டன், ஒன்டாரியோ
அக்டோபர் 19, 1991

மச்சான்,

சொல்லவில்லை. மெர்ல் அறை வாசல்வரை போய்க் கதவைத் தட்டினேன். "என்னய்யா?" என்றான். "என் பூட்ஸ் கிழிஞ்சிருக்கு" என்றேன். "அதுக்கு என்கிட்ட ஏன் வர்ற?" என்று திட்டினான். திரும்பி வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். சிறுவர்கள் நாலு பேர் கண்ணாடியைத் தட்டி, 'ரஷ்யாக்காரன் அழுறான்டா' என்று கூத்தடித்தார்கள். விரட்டக்கூடத் தோன்றவில்லை.

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. சொல்லியிருந்தால் உன்னைக் கொன்றிருப்பேன். சொல்லாததாலும் கொல்வேனோ என்னவோ.

ஒன்று கேட்கிறேன், மாட்டேன் என்று சொல்லாதே. விழுகையை எனக்குக் கொடு. நான் ஏறுகிறேன், நீ சாய்த்துவிடு. மேசை மேல் நான் விழுகிறேன். நீ நிதானமாக ஏறி எடுத்துக்கொள். என் கழுத்து நல்ல கழுத்து. ரோடா தினமும் அதை நெரிக்க வேண்டும் என்கிறாள், இன்னும் நிற்கிறது.

உன் பெல்ட் எனக்கு வேண்டாம். அப்படி எழுதியது உன் கோபம்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வலித்தது.

லைல்

*

பஃபலோ
நவம்பர் 22, 1991

பெர்னிஸ் அத்தை,

ஒழுங்கு மாறாது. விழுவது நான். வில்லன் விழுந்து நல்லவன் சாவகாசமாக ஏறிப் பெல்ட்டை எடுத்தால் எவன் கண்ணில் தண்ணீர் வரும்? கூட்டத்துக்கு நான் செத்துப் பிழைக்க வேண்டும்.

நீ உன் வேலையைச் செய். ஏணியைச் சாய்க்கும்போது கண்ணை மூடிக்கொள்.

ஏதாவது ஆகிவிட்டால் ரோடாவிடம் கழுத்து விஷயம் உனக்குத் தெரியாது என்று சொல்லிவிடு. நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

எம்மெட்

*

ஹாமில்டன், ஒன்டாரியோ
நவம்பர் 27, 1991

எம்மெட்,

எங்கே இருக்கிறாய்? பஃபலோவில் பெல்ட்டோடு பின்வாசல் வழியாகப் போனவன் போனவன்தான். இதை உன் கிங்ஸ்போர்ட் விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

என் கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. தொடை வரை மாவுக்கட்டு. உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீ ஏறுவதற்கு முன்னால் நான் ஏறியதும், நீ சாய்க்காமல் நின்றதும், நானே கயிற்றுக்கு மேலாகக் குதித்ததும் எல்லாம் நான் ஒழுங்கை மாற்றியதால்தான் என்று மெர்லுக்குத் தெரிந்துவிட்டது. அதைக்கூட மன்னித்திருப்பான். நான் திரும்பி வந்து ஏணியின் மறுபக்கம் ஏறியதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. "சாம்பியனே பெல்ட்ட அவுத்து எதிரி கையில வச்சான். இருபதாயிரம் பேர் பாத்தாங்கடா. என்னைக் கோமாளி ஆக்கிட்ட" என்று ஆஸ்பத்திரிக்கே வந்து கத்தினான். வேலை போய்விட்டது. கர்னல் செத்துவிட்டார். அவருக்காக அழ ஆள் இல்லை.

ரோடா டிவியில் பார்த்திருக்கிறாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நேற்று மாவுக்கட்டின் மேல் தலையை வைத்துக்கொண்டு, "நீ அவன் கைய மேல பிடிச்சப்போ எனக்குப் புரிஞ்சிருச்சு. சண்டையில யாரும் அப்படிப் பிடிக்க மாட்டாங்க" என்றாள்.

இப்போது கேள். செயின்ட் லூயிஸில் அடுத்த வாரம் நீ பெல்ட்டுக்காக ஒரு புதுப் பையனோடு மோதப் போகிறாய் என்று டிவியில் சொல்கிறார்கள். மறுநாளே ஆஸ்பத்திரியில் படுப்பேன் என்று சத்தியம் பண்ணினாய். ஒரு ராத்திரி என்றாய். அந்தப் பையன் நூற்று முப்பது கிலோ, ஆளைத் தலைகீழாகத் தூக்கிப் போடுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. அவனுக்கு உன்னைத் தெரியாது. உன் கையை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றாது. தோன்றினாலும், பதில் வராததைக் கவனிக்க மாட்டான்.

இதுவரை அந்த மேடைக் கயிறுகளுக்குள் நான் இருந்தேன். இனிமேல் உள்ளே உனக்கு யாரும் இல்லை. தயவுசெய்து போகாதே. கெஞ்சுகிறேன். எழுந்து வர என்னால் முடியவில்லை.

லைல்

*

நாக்ஸ்வில், டென்னசி
டிசம்பர் 9, 1991

மச்சான்,

உறையில் என் சொந்தப் பெயரையே எழுதியிருக்கிறேன். அத்தைக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன்.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். என் விழுகையைத் திருடிவிட்டாய். நீ மேலே நின்று என்னைப் பார்த்தாய், "சாய்" என்று கண்ணால் சொன்னாய், நான் அசையவில்லை. பிறகு உடம்பைத் தூக்கி எறிந்தாயே, அந்த மேசை ஒடிந்த சத்தம் இன்னும் எனக்குள் கேட்கிறது. தூங்க முடியவில்லை. உன் மீது எனக்கு அவ்வளவு கோபம்.

அந்தக் கோபத்திலேயே ஏறினேன். அடி அடியாக, வலது கையால் மட்டும். உச்சியில் நின்று பெல்ட்டைத் தொட்டேன். கொக்கியை வலது கையால் அமுக்க வேண்டும், பெல்ட்டின் பாரத்தை இடது கையால் தாங்கித் தூக்க வேண்டும். எத்தனையோ தடவை மனதுக்குள் ஒத்திகை பார்த்த எனக்கு இது உறைக்கவே இல்லை, பார். எப்படி விழுவது என்று மாதக்கணக்காக யோசித்தேன். எப்படி எடுப்பது என்று யோசிக்கவே இல்லை. ஜெயித்துப் பழகாதவன் புத்தி.

இடது கை பெல்ட்டின் மேல் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. கொக்கி அவிழவில்லை. கீழே மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று என் பெயரைக் கத்தியது. நான் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறேன் என்று நினைத்தார்கள். அந்த உச்சியில் என்னைப் போல் தனியாக ஒருவன் நின்றிருக்க மாட்டான், லைல். இறங்கவும் தெரியாமல், எடுக்கவும் முடியாமல். குதித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போது ஏணி ஆடியது. பார்த்தால் மறுபக்கம் நீ. கால் தொங்கிக்கொண்டிருக்கிறது, முகம் வெள்ளையாக இருக்கிறது, ஒவ்வொரு படிக்கும் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு வருகிறாய், சுத்தமான மானிட்டோபாப் பேச்சில். மேலே வந்து என்னை அடிப்பது போலச் சாய்ந்து, என் இடது கையைப் பிடித்தாய். "அழுத்துடா" என்றாய். நான், "முடியல மச்சான்" என்றேன். அதுதான் நான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது. நீ பாரத்தை உன் தோளில் வாங்கிக்கொண்டாய். கொக்கி அவிழ்ந்தது.

செயின்ட் லூயிஸுக்குப் போனேன். ஆடப் போகவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆடத்தான் போனேன். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. அந்தப் பையனிடம் போய், "நான் உன் கைய அழுத்துனா என்ன அர்த்தம் தெரியுமா?" என்று கேட்டேன். "வேகமா அடிக்கணும்னு அர்த்தமா, சார்?" என்றான்.

நேராக மெர்ல் அறைக்குப் போய்ப் பெல்ட்டை மேசையில் வைத்தேன். கழுத்து, நரம்பு, டாக்டர், எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அட்டகாசமான கதை. இதையே இன்னைக்கு மேடையில சொல்லு. நீ அழுதுகிட்டு பெல்ட்டக் குடுக்குற, பையன் பின்னாலேருந்து வந்து கழுத்துலயே ஒண்ணு வைக்கிறான்" என்றான். நிஜம் என்றேன். "அப்படித்தான் சொல்லணும், இதே முகத்தோட" என்றான். எவ்வளவு காலம் பொய் விற்றால் ஒரு மனுஷன் இப்படி ஆவான்!

அப்புறம் ஒன்று செய்தேன். மேசைக்கு மேலாக இடது கையை நீட்டி, "இதப் பிடி, நான் அழுத்துறேன்" என்றேன். பிடித்தான். உயிரைக் கொடுத்து அழுத்தினேன். நெற்றியில் வியர்வை சொட்டியது. மெர்ல் என் முகத்தைப் பார்த்து, "எப்ப அழுத்தப்போற?" என்று கேட்டான்.

"அழுத்திக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

அவன் கையை எடுக்கவே இல்லை. சிரிப்பு மட்டும் மெல்லப் போய்விட்டது.

அடுத்த திங்கட்கிழமை கழுத்தைத் திறக்கிறார்கள். இந்த முறை சொந்தப் பெயரில் படுத்திருக்கிறேன். கை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், கத்தி கொஞ்சம் தவறினால் மற்றதும் போகலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். அந்த மேசை மேல் விழ எனக்குப் பயமே இருக்கவில்லை. இந்த மேசை மேல் படுக்கப் பயமாக இருக்கிறது.

கட்டுப் போட்ட காலோடு வர முடியுமா? ரோடா வண்டி ஓட்டட்டும். பின்வாசல் வேண்டாம், தொப்பி முக்காடு எதுவும் வேண்டாம். முன்வாசல் வழியாக, உன் மீசையோடு வா. கீழே தொப்பியும் கையெழுத்து நோட்டுமாக இரண்டு ரசிகர்கள் நிற்கிறார்கள். உன்னைப் பார்த்தால் அடிக்க வருவார்கள். 'நான் அவன் தங்கச்சி புருஷன்' என்று சொல். நம்ப மாட்டார்கள். பரவாயில்லை, சொல்லிக்கொண்டே மேலே வா.

என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால் என் இடது கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்து. எனக்குத் தெரியாது. அதனால் என் முகத்தைப் பார்த்து, 'அழுத்திட்டேன்டா' என்று வாயால் சொல்லிவிடு.

நீ சொன்னால் நம்புவேன்.

எம்மெட்